கனடா விசிட்டர் விசா மறுப்பு: அப்பா, அம்மா இருவருக்கும். உடனே மறுபடி போடலாமா?

நீடாமங்கலத்தான்:
அக்கா பிராம்ப்டனில் இருக்கிறாள், பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்து இரண்டு வருடம். தை மாதம் பிரசவம். துணைக்கு அம்மாவையும் அப்பாவையும் அனுப்பலாம் என்று தஞ்சாவூரில் ஒரு ஏஜென்ட் மூலம் ஆறு மாதத்துக்கு விண்ணப்பித்தோம், சென்னை போய் கைரேகையும் கொடுத்துவிட்டு வந்தார்கள். நேற்று மறுப்புக் கடிதம். பயணச் செலவுக்கு உங்கள் பணவசதி போதாது, தங்கும் காலம் முடிந்ததும் கனடாவை விட்டுத் திரும்புவீர்கள் என்று நம்பிக்கை இல்லை, குடிவரவு விதிமுறையின் 179(b) பிரிவு, இவ்வளவுதான். ஒரு வேலிக்கு (எங்கள் பக்கத்து நில அளவு) கொஞ்சம் குறைவாக நிலம், சொந்த வீடு, வங்கியில் 11 லட்சம். இதற்கு மேல் என்ன காட்ட? ஏஜென்ட் "உடனே மறுபடி போடுங்க, இந்தத் தடவை நிச்சயம்" என்கிறான். அப்பீல் ஏதாவது உண்டா?

வெண்ணாற்றங்கரை:
விசிட்டர் விசாவுக்கு அப்பீல் கிடையாது தம்பி. கனடா ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம், வெளிநாட்டிலிருந்து போட்ட விண்ணப்பம் என்றால் 60 நாளுக்குள். ஆனால் அங்கே ஜெயித்தாலும் விசா கையில் வராது, வேறு அதிகாரி மறுபடி பார்ப்பார், அவ்வளவுதான். வக்கீலுக்குக் கொடுக்கிற பணத்தில் நீங்கள் புதிதாகவே பல தடவை போட்டுவிடலாம். ஆளுக்கு 100 டாலர்தான், கைரேகை 10 வருடம் செல்லும், அதற்காகத் திரும்பச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

ஆனால் அதே காகிதங்களை அதே உறையில் போட்டால் அதே பதில்தான் வரும். முதலில் அந்த 11 லட்சம் எப்போது வந்தது என்று சொல்லுங்கள்.

நீடாமங்கலத்தான்:
அண்ணே, உண்மையைச் சொல்கிறேன். அப்பா கணக்கில் இருந்தது இரண்டு லட்சம். மீதி 9 லட்சம் மாமா போட்டது, விண்ணப்பிக்கப் பத்து நாள் முன்னால். பேலன்ஸ் காட்ட வேண்டும் என்று ஏஜென்ட் சொன்னதால் போட்டு, பிறகு எடுத்துக் கொடுத்துவிட்டோம்.

வெண்ணாற்றங்கரை:
அதேதான். அதிகாரி கடைசி வரியை மட்டும் பார்ப்பதில்லை, ஆறு மாதப் பக்கங்களையும் புரட்டுகிறார். திடீரென்று ஒரே நாளில் 9 லட்சம் ஏறினால் அது கைமாற்று என்று யாருக்கும் தெரியும். அதைவிட இரண்டு லட்சத்தோடேயே போயிருக்கலாம், செலவை அக்கா ஏற்றுக்கொள்கிறாள் என்று காட்டினால் போதும். அவளுடைய சம்பளச் சீட்டு, வேலைக் கடிதம், அங்கே வருமான வரி கட்டியதற்கு வரும் மதிப்பீட்டு நோட்டீஸ், எல்லாம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மாதச் சம்பளம் கிடையாது, வருமான வரித் தாக்கல் கிடையாது, விவசாய வருமானத்துக்கு வரியே இல்லை. குறுவை அறுத்தால் ஒரு பணம், சம்பா அறுத்தால் ஒரு பணம், நடுவில் பாஸ்புக் காய்ந்து கிடக்கும். டொராண்டோவிலோ வேறெங்கோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது ஏழ்மையாகத்தான் தெரியும். எழுதிச் சொல்ல வேண்டும். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, அந்தப் பணம் கணக்கில் ஏறிய தேதி, சிட்டா, அடங்கல், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பொருத்திக் காட்டுங்கள். தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழிப் பத்திரமும் வைக்க வேண்டும், வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாது.

முத்துப்பேட்டைப் பயணி:
இன்னொன்று. இதற்கு முன் வேறு நாடு எதுவும் மறுத்திருக்கிறதா? அந்தக் கேள்விக்கு ஏஜென்ட் என்ன டிக் பண்ணினார் என்று பாருங்கள். உங்களிடம் பூர்த்தி செய்த நகல் இருக்கிறதா?

நீடாமங்கலத்தான்:
நகல் கொடுக்கவே இல்லை, காலையில் போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்தேன். 2017-ல் சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அமெரிக்கா போக அப்பா விண்ணப்பித்து இன்டர்வியூவில் மறுத்துவிட்டார்கள். ஃபாரத்தில் "இல்லை" என்று இருக்கிறது. அது பழசு, எழுதினால் கெட்டுப்போகும் என்று ஏஜென்ட் விட்டுவிட்டானாம். போதாக்குறைக்கு அப்பா எழுதிக் கொடுத்த "ஒரு வேலி நிலம்" என்பதை வேலி போட்ட நிலம் என்று மொழிபெயர்த்திருக்கிறான்.

முத்துப்பேட்டைப் பயணி:
வேலி கதையை விடுங்கள், அந்த "இல்லை"தான் ஆபத்து. அமெரிக்காவும் கனடாவும் விசாத் தகவலைப் பகிர்ந்துகொள்கின்றன. பொய்த் தகவல் என்று முடிவெடுத்தால் குடிவரவுச் சட்டத்தின் 40-ம் பிரிவில் 5 வருடத் தடை. ஏஜென்ட் எழுதியது என்று சொல்லித் தப்ப முடியாது, கையெழுத்து அப்பாவுடையது. உங்கள் கடிதத்தில் அந்தப் பிரிவு இல்லை என்றால் தடை போடவில்லை, தப்பித்தீர்கள். அடுத்த முறை "ஆம்" என்று போட்டு, 2017 விவரத்தையும் போன தடவை தவறாகப் போனது எப்படி என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அப்புறம், காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் போடுபவர் அங்கே உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டும், அவர் பெயரும் பிரதிநிதி ஃபாரத்தில் வர வேண்டும். ஆலோசகர்களின் பதிவேடு இணையத்திலேயே இருக்கிறது, தேடிப் பாருங்கள். உங்கள் ஆள் அதில் இருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுகிறேன். இந்த விஷயத்தை மட்டும் அப்படி ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போடுவது நல்லது.

குடமுருட்டி:
அக்கா பி.ஆர். என்பதால் அதிகாரியின் உள்குறிப்பைக் கேட்டு வாங்கலாம், 5 டாலர். அப்பா அம்மா சம்மதக் கையெழுத்து வேண்டும். 30 நாள் என்பது சட்டம், சில சமயம் இழுக்கும். கடிதத்தில் இருப்பது அச்சடித்த வரி, உண்மைக் காரணம் குறிப்பில்தான் இருக்கும்.

சூப்பர் விசா (பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கானது) பார்த்தீர்களா? ஒரு தடவைக்கு 5 வருடம் வரை தங்கலாம், ஆனால் அக்காவுக்குக் குறிப்பிட்ட வருமானம், 1 லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. பிரசவத்துக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

எனக்குப் புரியாதது, ஆறு மாதம் என்று இருவருக்கும் ஏன் கேட்டீர்கள்? தை மாசி சம்பா அறுப்பு. நிலத்தையும் நெல்லையும் காட்டிவிட்டு, அறுப்புக்கு ஊரிலேயே இருக்க மாட்டேன் என்று ஒரு விவசாயி சொன்னால் யார் நம்புவார்கள்? அம்மாவை மட்டும் முதலில் அனுப்புங்கள்.

நீடாமங்கலத்தான்:
குறிப்பு வந்துவிட்டது. 9 லட்சத்துக்குக் கணக்கு இல்லை என்று தெளிவாக இருக்கிறது, அமெரிக்கா பற்றி ஒரு வார்த்தை இல்லை. உரிமம் உள்ளவரிடம் அக்கா பேசினாள், அவரும் "ஆம்" போட்டு விளக்கம் எழுதத்தான் சொன்னார். அம்மாவுக்கு மூன்று மாதத்துக்குத் தனியாக நேற்று போட்டாயிற்று, இரண்டு லட்சம் பேலன்ஸோடு. அப்பா பங்குனிக்கு மேல்தான் போடுவார், கடிதத்தை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். "நெல்லை அறுத்துப் போட்டுட்டு வர்றேன், குறுவைக்குத் திரும்பிடுவேன்னு எழுதினா அங்க இருக்கறவனுக்குப் புரியுமாடா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். குறுவைக்காக மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐயும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.