திரும்பக் கூப்பிட்ட சரக்கை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

ஆம்பூர் ஸ்டோர்ஸ்:
ஷூ ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம். ஐரோப்பாவுக்குப் போகிற, உடம்பில் படுகிற தோல் பொருளில் குரோமியம் ஆறு (குரோமியத்தின் நச்சு வடிவம்) கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்று 2015 மே முதல் சட்டம், நம்ம பக்கம் தோல் வேலையில் இருப்பவர்களுக்கு இது மனப்பாடம். மீறினால் சரக்கு கடை அலமாரியிலிருந்து இறங்கிவிடும், ஐரோப்பிய எச்சரிக்கைப் பட்டியலில் ஷூவின் படத்தோடு ஏற்றிவிடுவார்கள். எங்களுக்கும் ஒரு தடவை ஜெர்மனி பையரிடமிருந்து மெயில் வந்தது: லைனிங்கில் அளவு கூடியிருக்கிறது, எந்தெந்த ஜோடி, எந்தக் கார்ட்டன், உடனே சொல்லுங்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் அந்த மாடல் மொத்தத்தையும் திரும்ப வாங்குவதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரே ஜோடியில் மேல் தோல் ராணிப்பேட்டையில் பதனிட்டது, லைனிங் வாணியம்பாடி, உள்ளே ஒட்டுகிற சாக் தோல் பேரணாம்பட்டு என்று இருக்கும். தப்பு நடந்தது தோலைப் போட்டுச் சுழற்றிப் பதனிடுகிற ஏதோ ஒரு டிரம்மில். அந்த டிரம் தோல் எந்த ஆர்டர்களுக்குள் போனது என்பதுதான் கேள்வி. கார்ட்டன் லேபிளை ஸ்கேன் செய்தால் புரொடக்‌ஷன் ஆர்டர், அங்கிருந்து கட்டிங்குக்குத் தோல் கொடுத்த ஸ்லிப், அப்புறம் தோல் லாட், டானரி சலான், டிரம் நம்பர். டிரம் நம்பர் கிடைத்ததும் அதே வழியில் திருப்பி முன்னால் வந்தால் அந்தத் தோல் போன இடமெல்லாம் தெரியும். ஈஆர்பி, அதாவது சரக்கு, ஆர்டர் கணக்கெல்லாம் வைக்கிற எங்கள் சாஃப்ட்வேர், இதை டீ ஆறுவதற்குள் எடுத்துக் கொடுத்தது: இரண்டு ஆர்டர், அவ்வளவுதான். லெட்ஜர் காலமாக இருந்தால் சீசன் சரக்கே திரும்பியிருக்கும், ஏனென்றால் மீதி நல்ல சரக்கு என்று காட்ட கையில் எதுவும் இருக்காது.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கட்டிங் சூப்பர்வைசர் பாய் வந்து, “தம்பி, மூணாவது ஒரு ஆர்டரையும் சேத்துக்கோங்க” என்றார். லைனிங் மீதியை ரேக்கில் வைத்திருக்கிறார்கள், அடுத்த ஆர்டருக்குக் கொஞ்சம் பற்றாமல் போனபோது அதிலிருந்தே எடுத்து வெட்டியிருக்கிறார்கள், ஸ்லிப் கிடையாது. பாயின் பாக்கெட் நோட்டில் இருந்தது, சர்வரில் இல்லை. இப்போது மீதித் தோல் ரேக்குக்கு வந்தால் புது லேபிள் ஒட்டி ஸ்கேன் செய்த பிறகுதான் உள்ளே வைக்க விடுகிறோம். பீஸ் ரேட் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள், அவர்களுக்கு அது காசு போகிற நேரம்.

இன்னொன்று. அந்த லாட் வந்த அன்று டெஸ்டில் பாஸ். குரோமியம் மூன்றுதான் பதனிடப் போடுவது, அது பின்னால் சூட்டிலும் வெயிலிலும் தோலுக்குப் போட்ட எண்ணெய் சரியில்லாததாலும் ஆறாக மாறும். தகரக் கூரை குடோனில் மே மாதம் கிடந்த தோலுக்கு ஜனவரி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகவே சிஸ்டத்தில் பாஸ் என்று ஒரு டிக் போதாது, டெஸ்ட் தேதியும் எந்த குடோனில் எத்தனை நாள் என்பதும் சேர்ந்தே ஏற வேண்டும்.

காட்பாடி மருந்து:
நான் மருந்து மொத்த வியாபாரம். மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தரமில்லாத மருந்துப் பட்டியலை மாதாமாதம் வெளியிடுகிறது, கம்பெனியிலிருந்தும் கடிதம் வரும். பேட்ச் நம்பரை பில்லிங் சாஃப்ட்வேரில் போட்டால் அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் என்று எந்தக் கடைக்கு எத்தனை ஸ்ட்ரிப் போனது என்று வந்துவிடும். சிக்கல் அதற்கு அப்புறம். கடைக்காரர்கள் அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் கைமாற்று வாங்குவார்கள், அதற்கு ஏது பில். எங்கள் பக்கமே டைப் செய்கிற பையன் பேட்சில் பூஜ்யத்தை ஆங்கில ஓ என்று அடித்து, தேடினால் சரக்கே வரவில்லை என்று சிஸ்டம் சாதித்ததும் உண்டு. 2023 ஆகஸ்டிலிருந்து 300 பிராண்டுகளின் அட்டையில் க்யூஆர் கட்டாயம், அதை ஸ்கேன் செய்து ஏற்றினால் இந்தத் தொல்லை தீரும். ஆனால் அதில் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச், காலாவதி, லைசென்ஸ் நம்பர் எல்லாம் இருக்கும், யார் கைக்குப் போனது என்பது இருக்காது. சிலர் க்யூஆர் வந்ததும் எல்லாம் முடிந்தது என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

சிப்காட் ஷிப்ட்:
ராணிப்பேட்டையில் வண்டிப் பாகம் செய்கிற இடம். வார்ப்பில் ஹீட் நம்பர் (எந்தத் தடவை உருக்கிய உலோகம் என்கிற எண்) பொறித்து வரும், மெஷினிங் வரை ஒழுங்காகத் தொடரும். வெளியில் பிளேட்டிங்குக்கு ஜாப் ஒர்க் அனுப்பினால் அங்கே நாலு பெட்டியை ஒரே பேரலில் கொட்டிவிடுவார்கள், போச்சு. மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி 2021 ஏப்ரலிலிருந்து அரசே வண்டிகளைத் திரும்பப் பெற உத்தரவிடலாம் என்று ஆனபின் எங்கள் வாடிக்கையாளர் கெடுபிடி கூடிவிட்டது. ஒரு பாகத்தைக் கையில் எடுத்து இது எந்த ஹீட் என்று கேட்டு ஆடிட்டர் உட்கார்ந்துவிடுகிறார்.

குடியாத்தத்தான்:
ஆம்பூர் அண்ணே, சின்ன டானரி எங்களுடையது. டிரம்முக்குள் சுண்ணாம்பு, அமிலம் எல்லாம் போகிறதே, அங்கே உங்கள் லேபிள் எப்படி நிற்கும்?

ஆம்பூர் ஸ்டோர்ஸ்:
நிற்காது தம்பி. தோல் ஓரத்தில் பஞ்ச் கருவியால் எண் குத்துவதுதான் வழி, எங்களுக்குக் கொடுக்கிற டானரியில் அப்படித்தான். குத்திய எண்ணை டிரம் ஏற்றும்போது எக்செல்லில் அடித்து வைத்தாலே போதும், உங்கள் அளவுக்கு ஈஆர்பி வாங்க வேண்டாம். ஷேவிங், டிரிம்மிங்கில் ஓரம் வெட்டும்போது அந்த எண் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரஸ்ட் (பதனிட்டு, ஃபினிஷிங்குக்கு முந்தைய தோல்) காய்ந்த பிறகு லேபிள் ஒட்டலாம்.