கெய்ட்டனோகேமி (geitonogamy) என்ற தாவரவியல் சொல்லுக்குத் தமிழில் "வளவுச் சேர்க்கை" சரிவருமா?

> "அண்டைப்பூச் சேர்க்கை" எனலாமே? கிரேக்கத்தில் கெய்ட்டோன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்தானே?

வேர்ச்சொல் சரிதான் அண்ணே, பொருள்தான் கோணுகிறது. ஒரு பூவின் மகரந்தம் அதே மரத்தின் வேறொரு பூவில் சேர்வதற்குப் பெயர் தேடுகிறோம். "அண்டை" என்றதும் படிப்பவருக்குப் பக்கத்து மரம்தான் நினைவுக்கு வரும்.

தேக்கை எடுங்கள். ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் மொட்டுகள், விரிந்த பூவுக்கு ஆயுள் ஒரே நாள். அடுத்த பூ காலெட்டும் தூரத்தில் இருக்க, சிறு தேனீ எதற்காக அடுத்த மரத்துக்குப் பறக்கும்? பெரும்பாலும் கொத்துக்குள்ளேயே சுற்றும். தேக்கோ தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பூத்துக் குலுங்கியும் காய் சொற்பம். பூச்சி சுமந்து போனதால் பார்வைக்கு அயல்மகரந்தச் சேர்க்கை, மரபணுக் கணக்கில் தன்மகரந்தச் சேர்க்கை. இந்த இரண்டுங்கெட்டானுக்குத்தான் பெயர் வேண்டும்.

என் முன்மொழிவு வளவுச் சேர்க்கை. செட்டிநாட்டில் வளவு என்றால் முற்றத்தைச் சுற்றிய கூட்டுவீடு. ஒரே வளவில் பல புள்ளிகள் (மணமான குடும்பங்கள்) தனித்தனியே உலை வைத்தாலும் எல்லாரும் பங்காளிகள். பெண் எடுக்க வேறு குலக்கோயிலோ, அதே கோயிலில் வேறு பிரிவோ பார்த்தாக வேண்டும்.

> "ஒருமரச் சேர்க்கை" இன்னும் எளிது ஐயா. செட்டிநாட்டுக்கு வெளியே வளவு யாருக்குப் புரியும்?

எளிதுதான் தம்பி, இரண்டு நாள் நானும் அதில்தான் நின்றேன். ஒட்டுமாந்தோப்பு வந்து கெடுத்தது. ஒரே தாய்மரத்தின் ஒட்டாக வளர்ந்த பத்து மரங்களும் மரபில் ஒன்றே. அவற்றுக்குள் ஈ எதைச் சுமந்தாலும் தன் மகரந்தம்தான். அங்கே "ஒருமரம்" பொய்த்துவிடும், "வளவு" நிற்கும். அப்புறம், ஈழத்தில் வீட்டைச் சுற்றிய நிலத்தையும் வளவு என்றே சொல்கிறார்கள். அவ்வளவு அந்நியமான சொல் இல்லை.

வாக்கியத்தில் போட்டும் பார்த்தேன். ஆலின் பூக்கள் காய்க்குள்ளேயே இருக்கும், மகரந்தம் சுமப்பது அங்கே வளரும் சிறு குளவி. ஒரு ஆலமரத்தின் காய்கள் ஏறத்தாழ ஒன்றாகவே முதிர்கின்றன. உள்ளிருந்து வெளிவரும் குளவிக்கு முட்டையிட ஏற்ற பிஞ்சு அந்த மரத்தில் இருக்காது. வேறு ஆலமரத்தைத் தேடிப் போயாக வேண்டும். ஆகவே, "ஆலில் வளவுச் சேர்க்கை அரிது." எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு?