ஹக்கீம் ஒலாஜுவானின் ஆட்டத்தை நேரில் கண்டவர்களின் அனுபவப் பகிர்வு

1995-ஆம் ஆண்டு ஹூஸ்டனில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஹக்கீம் ஒலாஜுவானின் ஹூஸ்டன் ராக்கெட்ஸும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் மோதிய என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைச் சம்மிட் அரங்கின் உச்சி வரிசையிலிருந்து பார்த்தேன். (அந்த அரங்கு இன்று ஒரு தேவாலயம்.) அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது சான் அன்டோனியோவின் டேவிட் ராபின்சனுக்குக் கிடைத்திருந்தது. இரண்டாவது ஆட்டத்திற்கு முன்னர் அந்த விருது அவருக்கு வழங்கப்பட்டது. அன்றிரவே ஒலாஜுவான் 41 புள்ளிகள் எடுத்தார். நான் பார்த்த ஆட்டத்தில் 39.

அவ்வளவு உயரத்திலிருந்து முகங்கள் தெரியாவிட்டாலும், யார் காலை எங்கே வைக்கிறார் என்பது நன்றாகவே தெரியும். ஒலாஜுவான் கூடைக்கு முதுகு காட்டி நின்று, ஒரு தோளை ஒரு பக்கம் சாய்த்து, ராபின்சன் அந்தப் பக்கம் நகர்ந்ததும் எதிர்ப்பக்கம் சுழன்று, பந்தை எறியப்போவதுபோல் உயர்த்திக் காட்டி, அவர் எம்பிய பிறகு நிதானமாக அடியில் புகுந்து போட்டுவிடுவார். 'ட்ரீம் ஷேக்' என்று பெயர் பெற்றது இதுதான். 1963-இல் நைஜீரியாவின் லாகோஸில் பிறந்த ஒலாஜுவான், பதினைந்து வயதுவரை கூடைப்பந்து ஆடியதே இல்லை. பள்ளியில் கால்பந்துக் கோல்கீப்பராகவும் ஹேண்ட்பால் ஆட்டக்காரராகவும் இருந்தவர். அந்தக் கால்களை அவர் அங்கிருந்தே கொண்டுவந்தார் என்பது என் கருத்து.

*

மேலே எழுதிய நண்பர் கால்களைப் பற்றிச் சொன்னார். கைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என்.பி.ஏ. வரலாற்றில் 2,000-க்கும் மேற்பட்ட பந்துகளைத் தடுத்து, 2,000-க்கும் மேற்பட்ட பந்துகளைப் பறித்தவர் அவர் ஒருவரே. அவருடைய 3,830 தடுப்புகளை இதுவரை எவரும் எட்டவில்லை. பாயும் பந்தைக் கண்டு எந்தப் பக்கம் தாவுவது என்று நொடியில் முடிவெடுக்கும் கோல்கீப்பரின் பழக்கம் இதில் இருக்கிறது.

நான் அவரை அருகில் பார்த்தது பள்ளிவாசலில். ஹூஸ்டன் நகர மையத்தில் பழைய வங்கிக் கட்டடம் ஒன்றை அவர் வாங்கி, அது பின்னர் இஸ்லாமிய மையமாயிற்று. அங்கு ஒரு ஜும்ஆவில் (வெள்ளிக்கிழமைத் தொழுகையில்), எனக்கு முன்னால் இரண்டு ஸஃப்பு (தொழுகை வரிசை) தள்ளி, எல்லோரையும்போல அமர்ந்திருந்தார். யாரும் அவரைச் சூழ்ந்துகொள்ளவில்லை. 1995 பிப்ரவரியில் ரமலான் நோன்பு வைத்துக்கொண்டே ஆடி, அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றவர் இவர்தானா என்று வியந்தேன்.

*

கால்பந்திலிருந்து வந்த திறமை என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு, கோடை விடுமுறைகளில் ஃபாண்டி பொழுதுபோக்கு மையத்தில், அப்போது உச்சத்தில் இருந்த என்.பி.ஏ. ஆட்டக்காரர் மோசஸ் மலோனோடு மோதி மோதித்தான் அவர் கூடைக்கடியில் நிலைத்து நிற்கக் கற்றார். பள்ளி அணி ஒன்றுக்குப் பயிற்சியளிக்கும் எனக்கு இது தினமும் கண்ணில் படுகிறது: மாணவர்கள் காணொளி பார்த்து அந்தச் சுழற்சியை அழகாகச் செய்கிறார்கள், ஆனால் தடுப்பவன் இடுப்பில் ஒரு இடி இடித்தால் முதல் அடியிலேயே இடம் பெயர்ந்துவிடுகிறார்கள். அதனால் முதல் மாதம் முழுவதும் முதுகில் ஆளை வைத்துக்கொண்டு இடம்பிடிக்கும் பயிற்சியை மட்டுமே கொடுக்கிறேன். சுழற்சி அதற்குப் பிறகுதான்.