ஃபின்லாந்துத் துவக்கு ஒண்டு, ஆண்டு ரெண்டு: எதை நம்புறது?

மானிப்பாய்க்_குறிப்பேடு (கேள்வி)

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். ஃபின்லாந்தில இருக்கிற அத்தான் அங்க அனுமதிப்பத்திரத்தோட ரெண்டு பழைய மொசின்-நகான் (ரஷ்யப் படையின்ர பழைய போர்த்துவக்கு வகை) வாங்கியிருக்கிறார். பக்கத்தில வைக்கத் தமிழில ஒரு விளக்க அட்டை எழுதித் தரச்சொல்லிப் படங்கள் அனுப்பினவர். குறிகளைப் பார்க்கக் குழப்பமாய்க் கிடக்கு.

முதலாவதில, குழல் ரிசீவரோட (குழலுக்குப் பின்னால இருக்கிற உருக்கு உடல்) சேருற அடிப்பகுதியில விகேடி எண்ட எழுத்து, 1942, ஒரு நீளத் தொடரிலக்கம். சின்னச் சட்டத்துக்குள்ள எஸ்ஏ. மேல தனியாய் ஒரு டி. மரக்கட்டையில இருந்து கழட்டினால் ரிசீவரின்ர வாலுக்கு அடியில ஒரு சுத்தியல் அடையாளமும் 1891 இல்லாட்டி 1897 எண்ட ஆண்டும். போல்டில (ரவையை ஏத்திப் பூட்டுற, இழுத்துத் தள்ளுற துண்டு) வேற இலக்கம்.

ரெண்டாவது நீளக் குழல். முக்கோணத்துக்குள்ள டி, 1941, இதிலயும் எஸ்ஏ. பின் குறிநோக்கியில 4, 6, 8, 10, 12 எண்டு பழைய இலக்கங்கள், சிலதை வெட்டிப் பக்கத்தில புதுசாய் அடிச்சிருக்கு. பின்கட்டையின்ர வலப்பக்கம் காசளவு வட்டமாய் மரத்துண்டு வைச்சு அடைச்சிருக்கு.

இது ரஷ்யத் துவக்கோ ஃபின்லாந்துத் துவக்கோ? அட்டையில எந்த ஆண்டைப் போடுறது?

கோண்டாவில்_வாசகன்

எஸ்ஏ எண்டால் சுவோயெலுஸ்குந்தா, ஃபின்லாந்தின்ர ஊர்க்காவல் படை. ரெண்டும் அவையின்ர துவக்கு எண்டு போடுங்கோ. செய்த ஆண்டு வாலில இருக்கிறதுதான்.

பழங்குறி

கோண்டாவில் அண்ணை குறை நினைக்கக்கூடாது, அந்த ரெண்டும் பிழை. அட்டையில ஏறினால் பிறகு ஆரும் திருத்தமாட்டினம், அதால விரிவாய் எழுதுறன்.

எஸ்ஏ எண்டது சுவோமன் ஆர்மேயா, ஃபின்லாந்து இராணுவம். எங்கட ஊரில மாட்டுக்குச் சுடுற குறி மாதிரி அது உடைமைக் குறி. மாடு எங்க பிறந்தது எண்டு குறிசுட்ட எழுத்துச் சொல்லாது, ஆற்ற மாடு எண்டுதான் சொல்லும். 1942 இல் இருந்துதான் இந்தக் குறியை அடிக்கத் தொடங்கினவை. கையிருப்பில இருந்த பழைய துவக்குகளுக்கும் அடிச்சதால, 1920களில செய்த குழலிலயும் எஸ்ஏ இருக்கும். உங்கட 1941 குழலிலயும் அப்பிடிப் பிறகுதான் விழுந்திருக்கு.

ஊர்க்காவல் படையின்ர குறி வேற. குழலில எஸ்.வை. எண்டு இருக்கும், அது அந்தப் படையின்ர தலைமையகத்தின்ர சுருக்கெழுத்து. 1941 இல் சாக்கோ எண்ட ஃபின்லாந்துத் தொழிற்சாலை செய்த எம்39 எண்ட வகைத் துவக்குகளில எஸ்.கே.வை. எண்டு வரும். அதோட எஸ் எழுத்துக்குப் பின்னால ஒரு இலக்கம், அது அந்தப் படையின்ர பதிவெண். 1944 இல் படையைக் கலைச்சதும் துவக்குகள் இராணுவத்துக்குப் போனதால எஸ்.வை.யும் எஸ்ஏயும் ஒரே குழலில இருக்கலாம். அதைப் போலி எண்டு நினைக்கவேண்டாம்.

இனி ஆண்டு. ஃபின்லாந்து மொசின்-நகானுக்கு ரிசீவர் செய்யவே இல்லை. 1917 வரைக்கும் அது ரஷ்யப் பேரரசுக்குள்ள இருந்த நாடு. 1918 இல் ரஷ்யப் படைமுகாம்களில பிடிபட்ட துவக்குகளும் பிறகு வெளிநாடுகளில வாங்கினதும்தான் மூலப்பொருள். ரிசீவரை வைச்சுக்கொண்டு புதுக் குழல் போட்டவை. ரஷ்யத் தொழிற்சாலையின்ர குறிகளில முக்கால்வாசி பழைய குழலில இருந்தது, குழல் போக அதுவும் போயிட்டுது. மிஞ்சினது மரத்துக்குள்ள ஒளிஞ்சிருந்த வால்தான். சுத்தியல் எண்டால் தூலா. இழுத்த வில்லும் அம்பும் எண்டால் இஷெவ்ஸ்க். முதலாம் உலகப்போர்க் காலத்தில அமெரிக்காவின்ர ரெமிங்டனும் வெஸ்டிங்ஹவுசும் ரஷ்யாவுக்குச் செய்து குடுத்த ரிசீவர்களும் ஃபின்லாந்துத் துவக்குகளில வரும்.

ஆக, ஒவ்வொரு குறியும் தான் குந்தியிருக்கிற பாகத்துக்கு மட்டுந்தான் சாட்சி. வாலில இருக்கிறது ரிசீவர் பிறந்த ஆண்டு, குழலில இருக்கிறது குழல் பிறந்த ஆண்டு.

1942 குழலில இருக்கிற விகேடி, யுவாஸ்குலாவில இருந்த அரச துவக்குத் தொழிற்சாலை. குழல் 68.5 சென்ரிமீற்றரும், கைக்கு வளைஞ்ச அரைப்பிடிக் கட்டையும் எண்டால் அது எம்39. அளந்து பாக்கச் சொல்லுங்கோ, ஏனெண்டால் எம்27, எம்28, எம்28-30 எல்லாத்துக்கும் அதே குழல் நீளந்தான். பிரிச்சுக் காட்டுறது அந்தப் பிடி. முக்கோணத்துக்குள்ள டி, திக்ககோஸ்கி தொழிற்சாலை. குழல் 80 சென்ரிமீற்றர் எண்டால் எம்91. சாக்கோவின்ர அடையாளம் பற்சக்கரம்.

தனி டி எழுத்தைத் திக்ககோஸ்கியோட குழப்பவேண்டாம். தமிழில ரெண்டும் "டி" எண்டு வாறதால அட்டையில படம் கீறிக் காட்டுங்கோ. முக்கோணத்துக்குள்ள இருக்கிறது ஆங்கிலத்தின்ர இருபதாவது எழுத்து, தனியாய் நிக்கிறது நாலாவது எழுத்து. தனி டி, வெடியறையின்ர (ரவை போய் இருக்கிற குழலின்ர பின்பகுதி) கழுத்து டி-166 எண்ட 13 கிராம் பாரச் சன்னத்துக்கு ஏத்தது எண்ட குறிப்பு. பழைய கழுத்துக்கு அந்தச் சன்னம் சரிவராது.

இணுவில்_பட்டறை

குறிநோக்கியைப் பற்றிக் கொஞ்சம். 4, 6, 8, 10, 12 மீற்றர்க் கணக்கு இல்லை, ரஷ்ய ஆர்ஷின், நூறு நூறாய். ஒரு ஆர்ஷின் 71 சென்ரிமீற்றர். அப்ப 4 எண்டால் ஏறத்தாழ 284 மீற்றர், 10 எண்டால் 711. ஃபின்லாந்துக்காரர் மீற்றர் நாடு, அதுதான் பழசை வெட்டிப் புது இலக்கம் அடிச்சவை. அந்த வெட்டு ஆரோ பழுதாக்கினது இல்லை, படைப் பட்டறையின்ர வேலை. அத்தான் அதைத் தீட்டி மினுக்காமல் விடவேணும்.

வட்ட அடைப்பு நல்ல சாட்சி. போருக்கு முந்தின காலத்தில இராணுவத் துவக்கின்ர பின்கட்டையில வலப்பக்கம் ஒரு பித்தளை வில்லை பதிச்சு, படைப்பிரிவின்ர சுருக்கெழுத்தையும் இலக்கத்தையும் வெட்டியிருப்பினம். பிறகு அதைக் கழட்டி மரம் வைச்சு அடைச்சவை. குழல் 1941, கட்டையில வில்லை இருந்த தடம் எண்டால், கட்டை குழலை விட மூப்பு எண்டுதான் படுது. கட்டையின்ர முன்பாதியையும் பாக்கச் சொல்லுங்கோ. விரல் கோத்த மாதிரி ரெண்டு மரம் பொருந்தியிருந்தால் அது ஃபின்லாந்து வேலை. உடைஞ்சு ஒட்டினது எண்டு கனபேர் நினைக்கினம். ஒரே நீள மரம் ஈரத்தில முறுகிக் குழலைத் தள்ளும் எண்டதாலதான் அந்தப் பொருத்து.

1891ஓ 1897ஓ எண்டதுக்கு: துவக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டதே 1891 இல், அதால அந்த ஆண்டு ரிசீவர் கிடைக்கிறது அருமை. 7 இன்ர மேல்கோடு தேஞ்சிருக்கும். நேராய் வெளிச்சம் அடிச்சால் தெரியாது. அறையை இருட்டாக்கி, டோர்ச்சை உருக்கோட உருக்காய்ப் படுக்க வைச்சு, இடப்பக்கத்தால ஒருக்கா, மேற்பக்கத்தால ஒருக்கா அடிச்சுப் படம் எடுக்கவேணும். அப்பவும் தெரியாட்டி வெண்கட்டியைத் தேய்ச்சு விரலால வழிச்சால் பள்ளத்துக்குள்ள மட்டும் வெள்ளை நிக்கும். கம்பித் தூரிகை, உப்புத்தாள், துருநீக்கி அமிலம் மூண்டும் வேண்டாம், எழுத்தின்ர ஓரம் போனால் திரும்ப வராது.

திரும்பக் கழட்டுறதெண்டால், முதல்ல போல்டை வெளியில எடுத்து வெடியறை வெறுமையோ எண்டு கண்ணாலயும் விரலாலயும் பாக்கவேணும். குழலைப் பிடிக்கிற பட்டிகளைத் தளர்த்தி, வாலின்ர மேல இருக்கிற திருகாணியையும், ரவைப்பெட்டிக்கு முன்னால கீழ இருந்து ஏறுற திருகாணியையும் கழட்டினால் ரெண்டாய் வரும். திருப்புளி வாய் திருகாணி வெட்டின்ர முழு அகலத்துக்கும் இருக்கவேணும், சின்னது போட்டால் வெட்டு வாய் பிளக்கும். ரிசீவருக்கும் மரத்துக்கும் நடுவில மெல்லிய தகடு இருந்தால் எந்தப் பக்கம், எத்தினை எண்டு படம் எடுத்துவைச்சு அப்பிடியே திருப்பி வைக்கவேணும். அது குழலின்ர இருப்பைச் சரிசெய்ய அங்க வைச்சது.

மானிப்பாய்க்_குறிப்பேடு

பெரிய உதவி. வெண்கட்டி போட்டு எடுத்த படம் வந்தது, 7 இன்ர மேல்கோடு வடிவாய்த் தெரியுது, 1897. குழல் அளவு 68.5, மற்றது 80. போல்டில வேற இலக்கம் எண்டதால மதிப்புக் குறையுமோ? 1897 எண்டதைப் பெரிசாய்ப் போடச்சொல்லி ஒருத்தர் அத்தானுக்குச் சொன்னவராம்.

பழங்குறி

போல்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பட்டறையில பொருந்தின போல்டைப் போட்டிருப்பினம், முன்னம் இருந்த துவக்கின்ர இலக்கம் அதில அப்பிடியே நிக்கும். இலக்கத்தை அழிச்சுப் புதுசாய் அடிச்சு "பொருத்தமாக்கி" வைச்சிருந்தால்தான் யோசிக்கவேணும்.

1897ஐப் பெரிசாய்ப் போடுறது அமெரிக்கச் சந்தையின்ர பழக்கம். அங்க கூட்டாட்சிச் சட்டப்படி 1898 வரைக்கும் செய்த ரிசீவர் தொல்பொருள் கணக்கில வரும், விலையும் ஏறும். ஃபின்லாந்தில ஒரு வீட்டுக்குள்ள வைக்கிற அட்டைக்கு அது தேவையில்லை. முதலாவதுக்கு "எம்39. குழல்: விகேடி, 1942. ரிசீவர்: தூலா, 1897" எண்டு போடுங்கோ. ரெண்டாவதுக்கு "எம்91. குழல்: திக்ககோஸ்கி, 1941" எண்டு மட்டும் எழுதி, ரிசீவருக்கு இடம் விட்டு வையுங்கோ. அதின்ர வாலை நீங்கள் இன்னும் காட்டேல்லை.