டெலமானின் ஈ மைனர் கன்செர்ட்டோ: ரெக்கார்டரும் டிராவெர்சோவும் ஒன்றாகும்போது

ஜெர்மன் பரோக் இசையமைப்பாளர் டெலமானின் இந்தக் கன்செர்ட்டோவை (தனி வாத்தியங்களும் தந்திக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசிப்பவர்களுக்கு, வாத்தியம் வாரியாகச் சில குறிப்புகள். ரெக்கார்டர் நேராகப் பிடித்து ஊதும் குழல், டிராவெர்சோ பக்கவாட்டில் பிடித்து ஊதும் பழைய மரக்குழல்.

ரெக்கார்டர் பக்கம்:
இதில் விரலைவிட மூச்சுதான் தொல்லை. ரெக்கார்டரில் ஊதலைக் கூட்டினால் சுருதி ஏறும், குறைத்தால் இறங்கும். உதட்டால் சரிக்கட்ட வழியில்லை. டிராவெர்சோவுக்கு அந்த வசதி உண்டு. ஆகவே இரண்டும் சேர்ந்து போகும் இடங்களில் டிராவெர்சோதான் ரெக்கார்டரோடு சேர வேண்டும். ஒலி சன்னமாக வேண்டிய இடத்தில் ஊதலைத் தொடாமல் ஸ்வரத்தைக் குறுக்கி நிறுத்துங்கள்.

ஆல்டோ ரெக்கார்டரில் ஈ–எஃப் ஷார்ப் ஸ்வர மாற்றத்தைத் தனியாகச் சாதகம் செய்தே ஆக வேண்டும். ஈ வாசிக்க கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மூடியிருக்கும். எஃப் ஷார்ப்புக்குக் கட்டைவிரல் எழ, அதே கணம் நடுவிரல் விழ வேண்டும். நடுவிரல் முந்திக்கொண்டால் இடையில் ஒரு டி ஸ்வரம் துப்பும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து இந்த இரண்டு ஸ்வரம் மட்டும்.

குழலை 10 நிமிடமாவது அக்குளிலோ சட்டைக்குள்ளோ சூடேற்றிய பிறகே சுருதி சேருங்கள். குளிர்ந்த குழலில் ஊதுவழிக்குள் ஈரம் படிந்து, முதல் லார்கோ (மெதுவான பகுதி) முடிவதற்குள் அடைத்துக்கொள்ளும்.

டிராவெர்சோ பக்கம்:
மூன்றாவது பகுதியான லார்கோ ஈ மேஜரில். ஒற்றைச் சாவி மட்டுமே உள்ள டிராவெர்சோவில் ஜி ஷார்ப்புக்குக் குறுக்குப்பிடிதான் (ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழே உள்ளவற்றை மூடுவது), ஒலி மங்கித்தான் வரும். அதை ஊதி ஊதிப் பெரிதாக்கினால் சுருதி போய்விடும். மங்கலாகவே விடுங்கள், அழகு அங்கேதான். தந்திகள் அப்போது வில்லை விட்டு விரலால் சுண்டுவதால் குழல் அமுங்காது. ஆனால் ஒரு பாகத்துக்கு இரண்டு வயலின் உட்கார்ந்தால் அதுவும் அமுங்கும். ஒன்றே போதும்.

உலோகப் புல்லாங்குழலில் வாசிப்பவர்களுக்கு: தயவுசெய்து பாதி மூச்சு. இல்லாவிட்டால் இது ஒரே குழலுக்கான கன்செர்ட்டோ ஆகிவிடும்.

ஹார்ப்சிகார்ட் (தந்தியைச் சுண்டி ஒலிக்கும் பழைய கீபோர்டு) பக்கம்:
ஏ 415 (ஏ ஸ்வரம் 415 ஹெர்ட்ஸ்), வல்லோட்டி சுருதி (பன்னிரண்டு ஸ்வரங்களையும் சமமில்லாமல் பிரிக்கும் பழைய முறை) என்று பழக்கத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஈ மைனருக்கு பி மேஜர் கார்ட் (ஒன்றாக அடிக்கும் ஸ்வரக் கூட்டு) ஓயாமல் வரும். வல்லோட்டியில் பி–டி ஷார்ப் இடைவெளி, சுத்தமான மூன்றாம் ஸ்வரத்தைவிட ஏறத்தாழ 22 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூற்றில் ஒரு பங்கு) அகலம். குழல்கள் டி ஷார்ப்பைத் தாழ்த்தி வாசிக்க, கீபோர்டு உயர்த்தி அடித்தால் காது கூசும். கார்டில் டி ஷார்ப்பை விட்டுவிடலாம். அல்லது அந்த ஒரு தந்தியை மட்டும் கொஞ்சம் இறக்கி வைக்கலாம், இந்தப் படைப்பில் அதை ஈ ஃபிளாட்டாக நம்பியிருக்கும் கார்ட் அரிது.

செல்லோ பக்கம்:
கடைசி பிரெஸ்டோவில் (அதிவேகப் பகுதி) அடியில் ஈ விடாமல் நிற்கும், நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதுவது மாதிரி. டெலமான் 1705 வாக்கில் சோராவ் (இன்றைய போலந்தில் உள்ள ஊர்) அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு கேட்ட போலந்து நாட்டார் இசையின் வாசனை இது. பை வைத்த குழலின் கார்வை. அதை நாசூக்காக வாசித்தால் சப்பென்று போய்விடும். வில்லின் அடிப்பாகத்தில், ஒவ்வொரு தாள அளவின் முதல் தட்டிலும் அழுத்தம் கொடுங்கள். வேகம் மட்டும் ஏறக்கூடாது. ஏறினால் முதலில் திணறுவது ரெக்கார்டர் வாசிப்பவரின் நாக்கு.

மறுபடி ரெக்கார்டர் பக்கம்:
மேடையில் ஒன்று. ரெக்கார்டரின் ஒலி நுனியிலிருந்து வருவதைவிட வாய்க்குக் கீழே உள்ள வெட்டிலிருந்துதான் அதிகம் வருகிறது. நோட்டு ஸ்டாண்டை இடுப்பளவுக்கு இறக்குங்கள், அது மறைத்தால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் பாதிதான் கேட்கும்.