போர்வெல் தண்ணீர் விட்ட நீச்சல் குளம் பழுப்பாகிவிட்டது, டைல்ஸில் கறை – உதவி தேவை

மாதவரம் குடியிருப்பு:
வணக்கம். மாதவரம் பக்கம் எங்கள் அபார்ட்மெண்டில் சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. சுமார் 60,000 லிட்டர் பிடிக்கும். டிசம்பர் மழையில் தோட்டத்துச் சேறு உள்ளே வந்ததால் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு போர் தண்ணீர் விட்டோம். விட்டபோது தெளிவாகத்தான் இருந்தது. பராமரிப்புக்கு வருபவர் சாயங்காலம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார். காலையில் பார்த்தால் மொத்தக் குளமும் பால் விடாத டீ நிறம். இன்னும் கொஞ்சம் பிளீச்சிங் போட்டதும் மேலும் கறுத்துவிட்டது. இப்போது டைல்ஸ் இடுக்குகளிலும், தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாயைச் சுற்றியும் செம்பழுப்புக் கறை. ஏணிக் கால் பதிந்த இடத்தில் தனியாக ஒரு துருக் கறை.

இது பாசிதான், மயில்துத்தம் போட்டால் போய்விடும் என்கிறார் பராமரிப்பவர். மொத்தமாக இறைத்துவிட்டு ஆசிட் போட்டுத் தேய்க்கலாம் என்கிறார்கள் சங்கத்தில் சிலர். பொங்கல் லீவுக்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எண்ணூர்வாசி:
இறைத்துவிடுவதுதான் சுலபம் சார். ஒரே நாளில் வேலை முடிந்துவிடும்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
தயவுசெய்து இப்போது இறைக்காதீர்கள். மழை முடிந்த கையோடு நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். உள்ளே இருக்கும் தண்ணீரின் எடைதான் குளத்தைக் கீழே அழுத்தி வைத்திருக்கிறது. காலி செய்தால் அடியிலிருந்து தள்ளும் நீர் தரையை விரிசல் விட வைக்கும், சில நேரம் குளத்தையே தூக்கிவிடும். போரிலிருந்துதான் மறுபடி நிரப்பப் போகிறீர்கள் என்றால் கறையும் திரும்ப வரும்.

இது பாசி இல்லை. பாசியாக இருந்தால் குளோரின் பட்டதும் வெளுக்கும். உங்களுக்குக் கறுத்திருக்கிறது. பூமிக்கடியில் காற்றுப் படாத இடத்தில் இரும்பு தண்ணீரில் கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. காற்றும் குளோரினும் பட்டவுடன் அது துருவாகப் பிரிந்து வெளியே வரும். ஒரு லிட்டரில் 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை பிடிக்க ஆரம்பிக்கும். அதனால் அவர் போட்ட பிளீச்சிங் இரும்பைக் கொண்டுவரவில்லை, ஏற்கெனவே இருந்ததைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். அது செம்பு. இருக்கும் இரும்போடு இன்னொரு உலோகத்தையும் சேர்ப்பதாகிவிடும். அப்புறம் பச்சை நீலக் கறை படியும், நரைத்த முடியோடு நீந்துகிறவர்களுக்கு முடியில் பச்சை ஏறும்.

முதலில் ஒரு சோதனை. வெள்ளை வாளியில் போர் தண்ணீர் பிடித்து, துளி பிளீச்சிங் கரைசல் விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். பழுப்பானால் இரும்பு. கறுப்புத் தூள் படிந்தால் மாங்கனீஸும் சேர்ந்திருக்கிறது. இன்னொன்று: வைட்டமின் சி பவுடரை வெள்ளைத் துணியில் முடிந்து, கறை மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த இடம் வெளுத்தால் இரும்புதான், சந்தேகமில்லை.

மணலி பிளம்பர்:
டீச்சரம்மா சொல்வது சரி. ஏணிக் கறை மட்டும் வேறு கதை சார். ஒரே இடத்தில் இருக்கும் கறை அந்த இடத்துப் பொருளிலிருந்து வருவது. மீஞ்சூர், பொன்னேரி வரைக்கும் நிலத்தடியில் கடல் உப்பு ஏறியிருக்கிற வட்டாரம் இது. உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துருப்பிடிக்கும். போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏணியைக் கழற்றி, காலுக்குள் இருக்கும் நட்டு போல்ட்டைப் பாருங்கள். அதை மாற்றாமல் கறையைத் தேய்த்துப் பயனில்லை.

மாதவரம் குடியிருப்பு:
வாளியில் நல்ல பழுப்பு, அடியில் மெல்லிய வண்டல். கறுப்பு எதுவும் இல்லை. வைட்டமின் சி வைத்த இடத்தில் துணி அளவுக்கு வட்டமாக டைல்ஸ் வெளுத்துவிட்டது! ஏணிக் காலுக்குள் சாதா இரும்பு போல்ட். மொத்தக் குளத்திலும் வைட்டமின் சி போட்டுவிடலாமா?

தண்டையார்பேட்டை டீச்சர்:
உடனே வேண்டாம். வைட்டமின் சி இரும்பை அழிக்காது, சுவரிலிருந்து மறுபடி தண்ணீருக்குள் கரைத்துவிடும். தண்ணீரில் ஏற்கெனவே இருப்பதை முதலில் வெளியேற்றுங்கள். பம்பை நிறுத்திவிட்டு, ஆயிரம் லிட்டருக்கு 20 முதல் 30 கிராம் படிகாரம் தனியாகக் கரைத்துப் பரவலாக ஊற்றுங்கள். உங்கள் குளத்துக்கு ஒன்றரை கிலோ போதும். ராத்திரி முழுக்க யாரும் கலக்கக் கூடாது. காலையில் துரு அடியில் பஞ்சு பஞ்சாகப் படிந்திருக்கும். அதை மெதுவாக வேக்குவம் செய்யுங்கள்.

மணலி பிளம்பர்:
வேக்குவம் போடும்போது மல்டிபோர்ட் வால்வு (மணல் ஃபில்டரில் தண்ணீர் போகும் வழியை மாற்றும் கைப்பிடி) ‘வேஸ்ட்’டில், அதாவது நேராக வெளியே போகும் நிலையில் இருக்கட்டும். ‘ஃபில்டர்’ நிலையில் வைத்தால் அத்தனை வண்டலும் மணலுக்குள் போய்த் திரும்பக் குளத்துக்கே வரும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
தண்ணீர் தெளிந்த பிறகு கறைக்கு வாருங்கள். குளோரின் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறங்கும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் குளோரினும் வைட்டமின் சியும் ஒன்றையொன்று தின்றுவிடும். பிஎச் 7.2 பக்கம் இருக்கட்டும். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 12 கிராம், அதாவது மொத்தம் முக்கால் கிலோ அஸ்கார்பிக் ஆசிட் (வைட்டமின் சி பவுடர்தான்), ஓரங்களில் தூவுங்கள். கறை போனதும் உலோகத்தைக் கட்டிப்போடும் மருந்து, எச்இடிபி கலந்தது, கடையில் கேட்டு ஊற்றுங்கள். அதற்குப் பிறகுதான் குளோரின், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாக ஊற்றினால் கறை மறுபடி படியும். குளோரின் அந்த மருந்தை நாளடைவில் சிதைக்கும் என்பதால் அவ்வப்போது சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் விட முக்கியம்: அடியில் இருக்கும் வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரியாதவரை, குளோரின் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏறாதவரை, ஒரு பிள்ளையையும் இறக்காதீர்கள். கலங்கலில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. பொங்கல் தள்ளிப்போனால் போகட்டும்.

மாதவரம் குடியிருப்பு:
படிகாரம் அருமையாக வேலை செய்தது. அடியில் விரல் பருமனுக்குச் செம்மண் போல் படிந்திருந்தது. வேஸ்டில் இழுத்ததில் குளம் ஒரு சாண் இறங்கிவிட்டது. கறையும் போய்விட்டது, ஏணிக்கு புது போல்ட் போட்டாயிற்று. குளோரின் ஏற்றிக்கொண்டிருக்கிறோம், இன்னும் யாரையும் இறக்கவில்லை. உப்பைப் பார்க்க தண்ணீர் கொடுத்திருக்கிறோம். இறங்கின ஒரு சாணை எதை வைத்து நிரப்புவது?

மணலி பிளம்பர்:
மெட்ரோ வாட்டர் லாரி கிடைத்தால் அதையே விடுங்கள். இல்லாவிட்டால் போர் தண்ணீரை நேராக விடாமல் ஒரு சின்டெக்ஸில் ஏற்றி, மேலிருந்து ஷவர் மாதிரி விழவிட்டு, கொஞ்சம் குளோரின் போட்டு ராத்திரி வையுங்கள். துரு அங்கேயே தங்கிவிடும். குளத்துக்குப் போகும் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து ஓரடி மேலே மாட்டுங்கள். அடி வண்டலுக்குத் தனியாக ஒரு வால்வு.

மாதவரம் குடியிருப்பு:
மொட்டை மாடியில் ஒரு சின்டெக்ஸ் சும்மாதான் கிடக்கிறது. நாளைக்கே பிளம்பரை வரச் சொல்கிறேன். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.