மிட்ரோபாவா, லிப்டன் கோப்பையா: எது முதலில்?

பழையபந்து: கால்பந்தில் பல நாட்டுக் கிளப்புகள் மோதிய முதல் கோப்பை எது? ஐரோப்பியக் கிளப் கோப்பை என்றாலே 1955-இல் இருந்துதான் பேசுகிறார்கள். 1927-லேயே மத்திய ஐரோப்பாவின் மிட்ரோபா கோப்பை வந்துவிட்டது. ஆஸ்திரியாவின் கால்பந்து நிர்வாகி ஹூகோ மைஸ்ல் போட்ட திட்டம். அங்கே 1924-இல் தொழில்முறைக் கால்பந்து தொடங்கியது. வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க உள்ளூர் லீக் வசூல் மட்டும் போதவில்லை. அதனால் ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, யூகோஸ்லாவியா கிளப்புகளையும் சேர்த்துக்கொண்டார்கள். என் கணக்கில் இதுதான் முதல்.

மலைநாட்டான்: 18 வருடம் பிந்திவிட்டீர்கள். 1909, இத்தாலியின் டுரின், லிப்டன் கோப்பை. கொடுத்தவர் தேயிலை லிப்டனேதான், எங்கள் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையில் தோட்டம் வைத்திருந்தவர். இங்கிலாந்திலிருந்து போனது வெஸ்ட் ஆக்லண்ட். சுரங்கத் தொழிலாளிகளின் அணி! இறுதியாட்டத்தில் சுவிஸ் அணி வின்டர்தூரை 2-0 என்று வென்றார்கள். 1911-இல் மறுபடி போய் டுரினின் யுவென்டஸை 6-1 என்று வென்றார்கள்.

பழையபந்து: நாலே அணிகள், அண்ணே. 1909-இல் ஆடிய டுரின் அணி, அந்த ஊரின் இரண்டு கிளப்புகளான டொரினோ, யுவென்டஸ் ஆட்களைக் கலந்து கட்டியது. அதற்குப் பெயர் கிளப்பா?

மூன்றாம் நடுவர்: இருவருமே தப்பு. அதே டுரினில் 1908-லேயே ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. ஜெனீவாவின் செர்வெட், டொரினோவை 3-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுபோனது. அதற்கும் முன்னால், 1897-இல் வியன்னாவில் சேலஞ்ச் கோப்பை. பிராக், புடாபெஸ்ட் கிளப்புகளும் ஆடின. ஆனால் மூன்று ஊரும் அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரி என்ற ஒரே பேரரசுக்குள் இருந்தவை. அது சர்வதேசமா என்று நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.

மலைநாட்டான்: சரி, 1908 எனக்கு ஒரு அடிதான். ஆனாலும் வெஸ்ட் ஆக்லண்டை விட மாட்டேன். பயணக் கடனை அடைக்க, ஜெயித்த கோப்பையையே ஊர் ஹோட்டல்காரம்மாவிடம் 40 பவுண்டுக்கு அடகு வைத்தார்கள். 1960-இல்தான் மீட்டார்கள். 1994-இல் திருட்டுப் போய்விட்டது, இப்போது இருப்பது நகல். மிட்ரோபாவில் இப்படி ஒரு கதை உண்டா?

பழையபந்து: இல்லாமலா? 1932 அரையிறுதியில் ஸ்லாவியா பிராக் முதல் ஆட்டத்தில் யுவென்டஸை 4-0 என்று அடித்தது. டுரினில் நடந்த மறு ஆட்டம் ரகளையில் பாதியில் நின்றது. இரண்டு அணியையும் வெளியேற்றிவிட்டார்கள். மற்ற அரையிறுதியில் வென்ற போலோன்யா, இறுதியாட்டம் ஆடாமலே சாம்பியன். நான் மிட்ரோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேறொன்றுக்காக: உன் ஊரில் ஒன்று, என் ஊரில் ஒன்று என்று இரண்டு ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். 1927 இறுதியில் ஸ்பார்ட்டா பிராக் சொந்த ஊரில் ரேபிட் வியன்னாவை 6-2 என்று வென்றது. வியன்னாவில் 1-2 என்று தோற்றும் கோப்பை அவர்களுக்கே. டுரினில் இந்த முறை இருந்ததா?

மலைநாட்டான்: இல்லை. அதற்காக 1927 எப்படி 1909-க்கு முந்தும்?